பதிமூணுக்குப் பதிமூணு போதுமா?

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்குப் பொழுது போக்க வழிக்குப் பஞ்சமில்லை. பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைகிற தேங்காய்களை எண்ணிக்கொண்டிருக்கலாம். சாலைக் கம்போளத்துக்குள் நுழையும் வண்டியில் இருப்பது வெங்காயமா, வாழைத்தாரா, கருவாடா என்று கண்ணை மூடிக்கொண்டு மூக்காலேயே சொல்லலாம். என் அண்ணன் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன விடுமுறையில் அவள் புதிதாக ஒரு பொழுதுபோக்கைக் கண்டுபிடித்தாள். டயர் படிப்பது!

ஆட்டோ வந்து நின்றால் குனிந்து அதன் சக்கரத்தைப் பார்ப்பாள். “4.00-8”. புல்லட்டில் “3.25-19”. பஸ் ஸ்டாண்டில் ஓரமாக நிறுத்தியிருந்த பழைய அரசு பஸ்ஸில் “10.00 ஆர் 20”. யாரோ ஒரு தாத்தாவின் மாருதி 800-இல் “145/70 ஆர் 12”. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்து கேட்டாள்.

“சித்தப்பா, ஒண்ணுல புள்ளி வச்சிருக்கு, ஒண்ணுல கோடு போட்டிருக்கு. புல்லட்டுக்கு 19, காருக்கு வெறும் 12. அப்ப புல்லட் டயர் காரைவிடப் பெருசா?”

நல்ல கேள்வி. பதில் சொல்லத் தொடங்கினால் கோட்டை வாசலில் இருந்து அமெரிக்காவின் அலாஸ்கா வரை போகவேண்டி வரும். வாருங்கள், நீங்களும்.

முதலில் மாருதி டயரைப் படிப்போம். 145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது சதவீதம். ரிம்மின் விளிம்பிலிருந்து சாலையைத் தொடும் இடம் வரை டயருக்கு ஓர் உயரம் உண்டு அல்லவா, அந்தப் பக்கச்சுவர் அகலத்தில் 70 சதவீதம் உயரம் என்று பொருள். கடைசியில் உள்ள 12, உள்ளே இருக்கும் இரும்பு ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் என்று மூன்று அளவுகள்! கிழக்கேகோட்டைக் கடைப் பலகைகளில் மலையாளம், தமிழ், ஆங்கிலம் எல்லாம் கலந்து கிடக்கிற மாதிரிதான். பழகிவிட்டால் ஒன்றும் சிரமமில்லை.

இப்போது கணக்கு. 145-இல் 70 சதவீதம் ஏறத்தாழ 101 மில்லிமீட்டர். அது ரிம்முக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 203. 12 அங்குல ரிம் 305 மில்லிமீட்டர். கூட்டினால் 508 மில்லிமீட்டர், அதாவது 51 சென்டிமீட்டர். அதுதான் டயரின் முழு உயரம்.

புல்லட்டின் எண் பழைய முறையில் எழுதப்பட்டது. 3.25 என்பது அகலம், அங்குலத்தில். 19 ரிம். பக்கச்சுவரின் சதவீதத்தைக் காணோம். ஏன் என்றால், அந்தக் காலத்து டயர் பெரும்பாலும் பூசணிக் கீற்று மாதிரி உருண்டையாக இருக்கும். அகலம் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவே உயரம். தனியாகச் சொல்லவேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை. 19-உடன் மேலே மூன்றேகால், கீழே மூன்றேகால் கூட்டினால் இருபத்தைந்தரை அங்குலம். 65 சென்டிமீட்டர்! ஆமாம், புல்லட்டின் சக்கரம் மாருதியின் சக்கரத்தைவிட நிஜமாகவே பெரியதுதான்.

அவள் நோட்டில் அடிக்கோடு போட்டுக்கொண்டாள். சரி, இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்கிறீர்களா? அதற்கு ஒரு காரின் கதை வேண்டும்.

இந்த ஊரில் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா என்று ஒருவர் இருந்தார். திருவிதாங்கூரின் கடைசி மன்னர் சித்திரைத் திருநாளின் தம்பி. பட்டம் அரண்மனையில் இருந்து தினமும் காலையில் கிழக்கேகோட்டைக்கு வந்து பத்மநாப சுவாமியைத் தரிசித்துப் போவது அவர் வழக்கம். அவரிடம் ஒரு கார் இருந்தது. 1955-ஆம் வருட மாடல் மெர்சிடிஸ் பென்ஸ் 180. நம்பர் சி.ஏ.என். 42. எத்தனை புதுக் கார்கள் சந்தைக்கு வந்தபோதும் அதை அவர் விடவில்லை. அது ஓடிய தூரத்துக்காகப் பென்ஸ் கம்பெனியே பதக்கம் கொடுத்தது. பல லட்சம் மைல் ஓடிய கார் என்று பத்திரிகைகள் எழுதின. எத்தனை லட்சம் என்பதுதான் பத்திரிகைக்குப் பத்திரிகை மாறும்!

இங்கேதான் நம் அறிவியல் தொடங்குகிறது. ஒரு கார் எவ்வளவு தூரம் ஓடியது என்பது அந்தக் காருக்கு எப்படித் தெரியும்?

தெரியாது என்பதே உண்மை. காருக்குச் சாலை தெரியாது, பட்டம் அரண்மனை தெரியாது, கோட்டை வாசல் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்பது.

பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே மேத்தன் மணியைப் பார்த்திருக்கிறீர்களா? தாடிக்கார முகம் ஒன்று, இரு பக்கமும் இரண்டு ஆடுகள். மணி அடிக்கும்போது முகம் வாயைத் திறக்கும், ஆடுகள் பாய்ந்து வந்து கன்னத்தில் முட்டும். முட்டும் ஆட்டுக்கு நேரம் தெரியுமா என்ன? உள்ளே பல்சக்கரங்கள் எண்ணுகின்றன, எண்ணிக்கை முடிந்ததும் ஆடு பாய்கிறது, அவ்வளவுதான். பழைய காரின் மைல் மீட்டரும் அதே ஜாதி. கியர் பெட்டியிலிருந்து ஒரு கம்பி வடம் சுழன்றுகொண்டே டாஷ்போர்டுக்கு வரும். அங்கே குட்டிக் குட்டிப் பல்சக்கரங்கள் அந்தச் சுழற்சியைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் எண் எழுதிய உருளையை ஒரு கட்டம் நகர்த்தும். இத்தனை சுற்றுக்கு ஒரு மைல் என்று தொழிற்சாலையிலேயே பல் வெட்டி வைத்துவிடுவார்கள். எந்த டயரை நம்பி வெட்டினார்களோ, அந்த டயர் இருக்கும்வரை மீட்டர் நிஜம் சொல்லும்.

பென்ஸ் 180-க்குக் கம்பெனி போட்ட டயர் 6.40-13. படியுங்கள் பார்ப்போம். அகலம் 6.4 அங்குலம், ரிம் 13 அங்குலம். ரிம் 33 சென்டிமீட்டர். பக்கச்சுவர் மேலே ஏறத்தாழ 15, கீழே 15. மொத்தம் 63 சென்டிமீட்டர். அதை 3.14-ஆல் பெருக்கினால் ஒரு சுற்றுக்கு 198 சென்டிமீட்டர். இரண்டு மீட்டருக்கு ஒரு கட்டைவிரல் அகலம் குறைவு. ஒரு கிலோமீட்டருக்கு 505 சுற்று. பட்டம் அரண்மனையிலிருந்து கோட்டைக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் என்று வையுங்கள். சாமி பார்க்க வரும்போது சக்கரம் இரண்டாயிரத்து ஐந்நூறு தடவைக்குமேல் உருண்டிருக்கும். இது பிரதட்சிணக் கணக்கில் சேராது!

இந்தக் கணக்கைச் சொல்லிக்கொண்டே நடந்தபோது ஒரு பங்ச்சர் கடை வந்தது. நாகர்கோவில் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். என் அண்ணன் மகள் சும்மா இருப்பாளா?

“அண்ணாச்சி, 6.40-13-ன்னு பழைய பென்ஸ் டயர் இருக்குமா?”

அவர் தலை நிமிர்ந்து பார்த்தார். “அது இங்க எங்க கெடைக்கும் மக்கா? ஆனா ரிம்மு பதிமூணுதான? பதிமூணு இஞ்சு டயரு எவ்வளவோ வருது. பதிமூணுக்குப் பதிமூணு மாட்டிரலாம் கேட்டியா.”

மாட்டலாம். மாட்டினால் உட்காரும், காற்று அடித்தால் நிற்கும். பல பேர் செய்கிற காரியமும் அதுதான். அப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்று பார்ப்போம்.

கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 13 அங்குல டயர்களில் ஒன்று 155/80 ஆர் 13. 155-இல் 80 சதவீதம் 124. இரண்டு பக்கம் 248. ரிம் 330. மொத்தம் 578 மில்லிமீட்டர், ஏறத்தாழ 58 சென்டிமீட்டர். பழைய டயர் 63. பார்வைக்கு ஐந்து சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் ஒரு சுற்றுக்கு 198 ஓடியது இப்போது 182 சென்டிமீட்டர்தான் ஓடும். கிலோமீட்டருக்கு 505 சுற்றுக்குப் பதில் 549 சுற்று. மீட்டருக்கு இது தெரியுமா? அது பாவம், பழைய கணக்கையே போட்டுக்கொண்டிருக்கும். ஐந்து கிலோமீட்டர் போனால் ஐந்தேகாலுக்குமேல் காட்டிவிடும். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடினால் எட்டாயிரத்துக்குமேல் சேர்த்துச் சொல்லும். வேகமுள்ளும் அப்படித்தான். 60 என்று காட்டும்போது உண்மையில் 55-தான் போய்க்கொண்டிருப்பீர்கள்.

அது மட்டுமா? டயர் ஐந்து சென்டிமீட்டர் குறைந்தால் அதில் பாதி, இரண்டரை சென்டிமீட்டர், காரின் வயிறு தரையை நோக்கி இறங்கும். நம் ஊர் வேகத்தடைகளை நினைத்துப் பாருங்கள். அதே வேகத்தில் போக எஞ்சின் கூடுதலாகச் சுற்றவேண்டும். எழுபது வயது எஞ்சின்! தாத்தாவை ஸ்கிப்பிங் ஆடச் சொல்வதற்குச் சமம்.

அப்படியானால் எதைப் போடுவது? இரண்டு வழி. பழைய கார்களுக்கென்றே பழைய அளவில் இன்றும் டயர் செய்கிறவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். விலை கொஞ்சம் அதிகம். இன்னொரு வழி, உயரம் நெருங்கி வருகிற புது அளவைத் தேடுவது. 175 ஆர் 13 என்று ஓர் அளவு உண்டு. சதவீதம் போடாமல் இப்படி எழுதியிருந்தால் 80-இலிருந்து 82 சதவீதம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். கணக்குப் போட்டால் 61, 62 சென்டிமீட்டர் வரும். இரண்டு சதவீத வித்தியாசம் பெரிய குற்றமில்லை. மூன்று சதவீதத்தைத் தாண்டினால்தான் யோசிக்கவேண்டும். உயரம் அப்படியே வேண்டும் என்று 185/80 ஆர் 13-க்குப் போனால் 62.6 வரும், பிரமாதம்தான். ஆனால் டயர் அகலமாகிவிடும். பழைய ரிம் ஒடுங்கலானது, மட்கார்டு நெருக்கமானது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது எங்கேயாவது உரசினால் அத்தோடு போச்சு. என் ஓட்டு 175-க்கு.

பென்ஸ் 180 ஒரு குடும்பக் கார். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இந்தக் கணக்கு இன்னும் கறாராகிவிடும். ஏன் என்று சொல்லும் முன், உலகத்திலேயே மிக அதிகம் ஓடிய ஸ்போர்ட்ஸ் கார் எது தெரியுமா?

அமெரிக்காவில் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் இர்வ் கார்டன் என்று ஒருவர் இருந்தார். வேலை என்ன? அறிவியல் வாத்தியார்! 1966 ஜூனில் ஒரு சிவப்பு வால்வோ 1800 எஸ் வாங்கினார். அழகான இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். வாங்கியதும் ஓட்டத் தொடங்கியவர் நிறுத்தவேயில்லை. 2013 செப்டம்பரில் அலாஸ்காவில் ஒரு சாலையில் அந்த மீட்டர் 30 லட்சம் மைலைத் தொட்டது. கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்த கார் அது. அதே 2013-இன் டிசம்பரில்தான் இங்கே உத்திராடம் திருநாள் காலமானார். இரண்டு பேரும் சந்தித்திருந்தால் பேச எவ்வளவோ இருந்திருக்கும்.

வால்வோ 1800 எஸ்ஸின் டயர் 165 ஆர் 15. உயரம் 65 சென்டிமீட்டர். சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் ஐந்து சென்டிமீட்டர். 30 லட்சம் மைல் என்பது 48 லட்சம் கிலோமீட்டர். ஒவ்வொரு சக்கரமும் 230 கோடித் தடவைக்குமேல் உருண்டிருக்கிறது! இப்போது ஒரு பேச்சுக்கு, அவரும் நம் அண்ணாச்சியைப்போல “பதினைஞ்சுக்குப் பதினைஞ்சு” என்று இன்றைய காரின் 185/65 ஆர் 15 டயரை முதல் நாளே மாட்டியிருந்தால்? உயரம் 62 சென்டிமீட்டராகியிருக்கும். மீட்டர் நூற்றுக்கு ஐந்து கூட்டிச் சொல்லியிருக்கும். 30 லட்சத்தில் ஒன்றரை லட்சம் மைல் கிட்டத்தட்டப் பொய். பூமியை ஆறு தடவை சுற்றுகிற தூரம்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் டயர் தடிமனாக, அகலமாக இருக்கவேண்டும் என்றுதானே நினைக்கிறோம்? பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் அப்படி இல்லை. 1945-இலிருந்து 1949 வரை இங்கிலாந்தில் செய்த எம்.ஜி. டி.சி. காரின் டயர் 4.50-19. அதாவது நம் புல்லட்டின் அதே 19 அங்குல ரிம்! சைக்கிள் மாதிரி கம்பி ஆரம் வேறு. நான்கரை அங்குல அகலம்தான். பழைய கார் வாங்குகிற சிலர் இதைப் பார்த்து முகம் சுளித்து, ரிம்மையே மாற்றி அகல டயர் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் சம்மதமில்லை.

ஒரு அஞ்சலட்டையை எடுங்கள். 14 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் அகலம். ஒரு டயர் சாலையைத் தொடுகிற இடம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நம்பிக்கை வரவில்லையா? ஆட்களோடு சேர்த்துக் கார் 1,200 கிலோ என்று வையுங்கள். ஒரு சக்கரத்துக்கு 300 கிலோ. டயருக்குள் காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 2 கிலோ வீதம் தாங்குகிறது. அப்படியானால் 300 கிலோவைத் தாங்க 150 சதுர சென்டிமீட்டர் வேண்டும். அஞ்சலட்டை 126. அதைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவே. நான்கு அட்டைகளின் மேல்தான் ஒரு காரே நிற்கிறது, ஓடுகிறது, திரும்புகிறது, பிரேக் பிடிக்கிறது!

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்கேயாவது வந்ததா? வரவில்லை. எடையும் காற்றழுத்தமும்தான் வந்தன. அதே கார், அதே காற்று என்றால் அகல டயர் போட்டாலும் தொடும் இடத்தின் பரப்பு பெரிதாக மாறாது. வடிவம்தான் மாறும். ஒடுங்கல் டயரில் அட்டை நீளவாக்கில் கிடக்கும், அகல டயரில் குறுக்கே திரும்பிக் கிடக்கும். வளைவில் பிடித்துத் திரும்பக் குறுக்கு வடிவம் நல்லது. ஆனால் மழை பெய்தால்? ஒடுங்கலான டயர் தண்ணீரை இரண்டு பக்கமும் எளிதாக ஒதுக்கிவிட்டுத் தரையைத் தொடும். அகலமானது அவ்வளவு தண்ணீரையும் முன்னால் தள்ளவேண்டும். முடியாவிட்டால் தண்ணீர்மேலேயே மிதந்து சறுக்கும். இடவப்பாதி மழையில் கோட்டைப் பக்கம் தண்ணீர் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இன்னொன்று, அந்தக் கார்களில் பவர் ஸ்டியரிங் கிடையாது. அகல டயர் போட்டால் நிறுத்தும் இடத்தில் திருப்ப இரண்டு பேர் வேண்டும்! டயரும் ரிம்மும் கனத்தால் குழியில் விழுந்து எழும்பும்போது ஸ்பிரிங்குக்கும் அடி அதிகம். லேசாக, சுறுசுறுப்பாக ஓடத்தான் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அதன் காலில் அம்மிக்கல்லைக் கட்டினால் எப்படி?

ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு டயரின் உயரம் இன்னொரு கியர் மாதிரி. மெட்ராஸ் பக்கத்தில் சோழவரத்தில் போர்க்காலத்துப் பழைய விமான ஓடுதளம் ஒன்றில் அந்த நாளில் மோட்டார் ரேஸ் நடக்கும். அதுபோன்ற ரேஸில் உயரம் குறைந்த டயர் போட்டால் கார் சட்டென்று கிளம்பும், ஆனால் உச்சவேகம் குறையும். உயரமான டயர் போட்டால் கிளம்பச் சோம்பும், நீண்ட நேர்ச்சாலையில் பறக்கும். சைக்கிளில் பின்பல் பெரிதா சின்னதா என்று பார்க்கிறோமே, அதே சங்கதி.

இனி அந்த “ஆர்”. 165 ஆர் 15-இல் நடுவே ஓர் எழுத்து நிற்கிறது, 6.40-13-இல் வெறும் கோடு. இதுதான் பழைய கார்க்காரர்கள் அதிகம் தடுமாறும் இடம்.

உங்கள் கைக்குட்டையை எடுங்கள். நூல் ஓடுகிற திசையில், ஓரத்தோடு ஓரமாக, பிடித்து இழுங்கள். கொஞ்சமும் நீளாது. இப்போது மூலைக்கு மூலை பிடித்து இழுங்கள். ஜவ்வு மாதிரி நீளும்! துணி அதேதான், நூல் அதேதான், திசை மட்டும் வேறு. டயர் என்பது வெறும் ரப்பர் இல்லை. ரப்பருக்குள் நூல் அடுக்குகள் புதைந்து கிடக்கின்றன. பழைய டயரில் அந்த நூல்கள் பாய் முடைந்ததுபோல் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து போகும். மூலைக்கு மூலை இழுத்த கைக்குட்டைதான் அது. சாலையில் உருளும்போது முழு டயரும் நெளியும், சூடாகும். 1946-இல் பிரான்ஸின் மிஷெலின் கம்பெனி வேறொரு வழிக்குக் காப்புரிமை வாங்கியது. நூல்களை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகக் குறுக்கே போட்டு, சாலையைத் தொடும் பகுதியில் எஃகுக் கம்பியாலான பட்டை ஒன்றைச் சுற்றிக் கட்டினார்கள். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை அடிப்பதைப் பார்த்திருந்தால் உடனே பிடிபடும். அதுதான் ரேடியல், அந்த “ஆர்”. பக்கச்சுவர் வளைந்து கொடுக்கும், அடிப்பாகம் நெளியாமல் தட்டையாகச் சாலையைப் பிடிக்கும்.

நல்லதுதானே, எல்லாப் பழைய காருக்கும் ரேடியலே போட்டுவிடலாமே? பல கார்களுக்குப் போடலாம். ஆனால் இரண்டையும் கலக்கவே கூடாது. முன்னால் இரண்டு ரேடியல், பின்னால் இரண்டு பழைய ரகம் என்று போட்டுவிட்டால் வளைவில் முன்சக்கரம் ஒரு பேச்சு, பின்சக்கரம் ஒரு பேச்சு. பின்பக்கம் வழுக்கிக் கார் சுழன்றுவிடும். போட்டால் நான்கும் ஒரே ரகம். ஸ்டெப்னியும் அதே ரகம் என்றால் உத்தமம்.

பக்கச்சுவரில் இன்னும் இரண்டு சமாசாரம் எழுதியிருப்பார்கள். “82 எஸ்” என்றிருந்தால், 82 என்பது எடைக் குறி. அந்த ஒரு டயர் 475 கிலோ தாங்கும். எஸ் என்றால் 180 கிலோமீட்டர் வேகம்வரை. இதைக் காரின் எடையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் டயர் வாங்கக் கூடாது.

மற்றொன்று நான்கு இலக்கத்தில் இருக்கும். “2319” என்று ஒரு டயரில் பார்த்த அண்ணன் மகள், “ஐயோ சித்தப்பா, 2319-ஆம் வருஷம்!” என்று கூவிவிட்டாள். எதிர்காலத்திலிருந்து வந்த டயர் இல்லை. 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பழைய காருக்கு இந்த எண்தான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்பேன். ஏனென்றால் பழைய கார் அதிகம் ஓடாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று, ஊர்வலத்தில் ஒரு சுற்று. டயரின் பட்டன் தேயவே தேயாது, புதுசுபோலப் பளபளக்கும். ஆனால் ரப்பர் சும்மா கிடந்தாலும் கிழடாகும். ஜன்னலோரம் வைத்த ரப்பர் பேண்டை ஒரு வருஷம் கழித்து இழுத்துப் பாருங்கள். வெடுக்கென்று அறும். காற்றில் உள்ள ஓசோன், இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரைச் சிறுகச் சிறுகக் கீறும். பக்கச்சுவரில் மயிரிழை விரிசல் தெரிந்தால், பட்டன் எவ்வளவு இருந்தாலும் அந்த டயருக்குக் கும்பிடு போட்டுவிடவேண்டும்.

ரப்பரைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா என்ன? நாகர்கோவில் பஸ்ஸில் போனால் மார்த்தாண்டம் பக்கம் வழியெல்லாம் சிரட்டை கட்டிய மரங்கள்தானே. இந்தியாவில் விற்பனைக்காக ரப்பர்த் தோட்டம் போட்டது முதலில் இந்தத் திருவிதாங்கூர் மண்ணில்தான், பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில், 1902-இல். அரைநூற்றாண்டுக்குள் ஒரு மலையாளி, கே.எம். மாம்மன் மாப்பிள்ளை, மெட்ராஸ் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கினார். 1946-இல். பிள்ளைகள் ஊதுகிற அதே பலூன். அந்தப் பலூன் கம்பெனிதான் பின்னால் எம்.ஆர்.எஃப். டயராக ஆனது. யோசித்தால் டயரும் ஒரு பலூன்தானே, நூல் கட்டிய பலூன்.

பழைய கார்களை நேரில் பார்த்து எண் படிக்க ஆசையாக இருந்தால், கோயம்புத்தூர் போகிறவர்கள் அவிநாசி ரோட்டில் ஜீடி கார் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். ஜி.டி. நாயுடு பெயரைச் சொல்லும் இடம். காரின் முகத்தைப் பார்த்தது போதும், குனிந்து டயரைப் பாருங்கள். எந்தக் கார் எந்த வருஷத்தது என்பதைப் பலகையைப் படிக்காமலே பாதி சொல்லிவிடலாம்.

அவ்வளவு தூரம் போகமுடியாதவர்களுக்கு வீட்டிலேயே ஒரு வேலை. ஒரு சைக்கிள், சாக்பீஸ், டேப் போதும். டயரில் ஓரிடத்தில் சாக்பீஸால் தடிமனாகக் கோடு போடுங்கள். கோடு தரையைத் தொடும்படி நிறுத்தி, தரையிலும் அடையாளம் வையுங்கள். சைக்கிளை நேராகத் தள்ளி, கோடு மறுபடி தரையைத் தொடும் இடத்தில் இன்னோர் அடையாளம். இடைப்பட்ட தூரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, ஒருவர் ஏறி உட்கார, மற்றவர் தள்ள, மறுபடி அளந்து பாருங்கள். அதே டயர், அதே எண்தான் எழுதியிருக்கிறது. ஆனால் தூரம் குறைந்திருக்கும். காற்று குறைந்தால் டயர் நசுங்கும், சக்கரத்தின் அச்சு தரைக்கு நெருங்கி வரும், ஒரு சுற்றில் ஓடும் தூரமும் குறையும். அளவு சரியாகப் பார்த்து வாங்கிய டயரும் காற்று பார்க்காவிட்டால் மீட்டரிடம் பொய் சொல்லும்.

எங்கள் வீட்டு வாசலில் செய்து பார்த்தோம். அண்ணன் மகளின் சைக்கிள் முதலில் 2 மீட்டர் 6 சென்டிமீட்டர் ஓடியது. காற்று இறக்கி அவள் ஏறி உட்கார்ந்ததும் 2 மீட்டர் 2 சென்டிமீட்டர். உங்கள் சைக்கிளின் இரண்டு எண்களையும், டயரில் எழுதியிருக்கும் அளவையும் ஒரு அஞ்சலட்டையில் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். காற்றைத் திரும்ப அடிக்க மறந்துவிடாதீர்கள். நாங்கள் மறந்துபோய், மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனோம்.